பர்மாவில் காணாமல் போன சிப்பாயின் பெயர் இந்தியா கேட்டில் இருக்குமா?

ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் நீங்கள் கேட்டிருப்பதில் மூன்று இருக்கின்றன. உங்கள் தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் பர்மா போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஊரிலிருந்து உங்கள் ஆர்.கே. புரம் வீட்டுக்கு வரப்போகும் அப்பா, "இந்தியா கேட்ல பெரியப்பா பேரைப் பார்த்துட்டுத்தான் திரும்புவேன்" என்கிறார். அங்கே பெயர் இருக்குமா? பெயர் இல்லாவிட்டாலும், அடையாளம் தெரியாத சிப்பாய்க்கான கல்லறை ஒன்று அங்கே இருக்கிறதாமே, அதில் ஒரு மாலையாவது வைக்கலாமா? அங்கே எரிந்த ஜோதியை அணைத்துவிட்டார்கள் என்கிறார்களே, அது உண்மையா? முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பர்மாவில் இறந்தவர் பெயர் இந்தியா கேட்டில் இருக்காது. பக்கத்திலேயே இருக்கும் தேசியப் போர் நினைவகத்திலும் இருக்காது. இரண்டு இடத்திலும் யாருடைய உடலும் இல்லை. ஆனால் அவர் முறையாகப் படையில் சேர்ந்தவராக இருந்தால், வேறோர் இடத்தில் அவர் பெயர் கல்லில் வெட்டப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதைத் தேடும் வழியைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் டெல்லியில் எது யாருக்கான நினைவிடம் என்று பிரித்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

இந்தியா கேட்டுக்கு 1921 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், 1931 பிப்ரவரியில் திறந்தார்கள். வடிவமைத்தவர் லட்யன்ஸ். 42 மீட்டர் உயரம். அது முதல் உலகப் போரிலும் அதை ஒட்டி நடந்த மூன்றாம் ஆப்கான் போரிலும் இறந்த இந்தியப் படையினருக்கானது. அந்தக் கணக்கில் வருபவர்கள் 70,000 பேருக்கு மேல். கல்லில் பெயர் இருப்பதோ 13,000 சொச்சம் பேருக்குத்தான். மீதிப்பேரை மறந்துவிட்டார்கள் என்று இதற்குப் பலரும் காரணம் சொல்வார்கள். அப்படி இல்லை. பிரான்ஸ், மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா, கலிபோலி என்று வெளிநாட்டில் இறந்தவர்களை வளைவின் உச்சியில் உள்ள வாசகம் மொத்தமாக வணங்குகிறது, அவர்களுக்கு அந்தந்த நாட்டிலேயே நினைவிடங்கள் உண்டு. பெயராக வெட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் இந்தியாவிலும் வடமேற்கு எல்லையிலும் ஆப்கான் போரிலும் விழுந்தவர்கள். இதை அந்த வாசகமே சொல்கிறது, ஆனால் அண்ணாந்து பார்த்து முழுதாகப் படிப்பவர் யார்! ஆக முதல் உலகப் போரில் பிரான்சில் இறந்த ஒருவர் பெயரை அங்கே தேடினாலும் கிடைக்காது. 1942-இல் இறந்தவருக்குக் கேட்கவே வேண்டாம்.

அமர் ஜவான் ஜோதி அதற்கு நாற்பது வருடம் பிந்தியது. 1971 டிசம்பர் போர் முடிந்த கையோடு வளைவுக்கு அடியில் கறுப்புப் பளிங்கு மேடை கட்டினார்கள், 1972 ஜனவரி 26 அன்று இந்திரா காந்தி திறந்துவைத்தார். மேடைமேல் தலைகீழாக நிறுத்திய துப்பாக்கி, அதன் மேல் இரும்புத் தொப்பி. மேடையின் நான்கு முகத்திலும் 'அமர் ஜவான்' என்று இந்தியில் பொன்னெழுத்து. நான்கு மூலையிலும் நான்கு தீக்கலசங்கள். அவற்றில் ஒன்று மட்டும் வருடம் முழுக்க எரியும், குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் நான்கையும் ஏற்றுவார்கள். 2006 வரை சிலிண்டர் எரிவாயு, அதற்குப் பிறகு குழாய்வழி வந்த இயற்கை எரிவாயு. 'பெயர் தெரியாத வீரரின் கல்லறை' என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது இந்த மேடையைத்தான். மேடைக்கு அடியில் உடலோ எலும்போ சாம்பலோ கிடையாது. ஆள் இல்லாத வெறும் அடையாளச் சின்னம் அது.

மற்ற நாடுகளில் உண்மையாகவே ஓர் ஆள் புதைக்கப்பட்டிருக்கிறார். 1920 நவம்பரில் பிரான்சின் போர்க்களங்களிலிருந்து அடையாளம் தெரியாத சில பிரிட்டிஷ் உடல்களைத் தோண்டி எடுத்து, கொடி போர்த்தி ஒரு சிற்றாலயத்தில் வைத்தார்கள். எது எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு தளபதி நள்ளிரவில் உள்ளே போய் ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுத்தார். அந்த உடல்தான் நவம்பர் 11 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், பிரான்சிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்த மண்ணுக்குள் வைக்கப்பட்டது. அதே நாளில் பாரிஸ் வெற்றி வளைவுக்கும் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மறு வருடம் அமெரிக்காவின் ஆர்லிங்டனில் ஒருவர். இந்த ஏற்பாட்டின் உயிரே அவர் யார் என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான். பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாயும் 'இது என் மகனாக இருக்கலாம்' என்று நினைத்துக்கொள்ள வேண்டும். ஆர்லிங்டனில் 1984-இல் வியட்நாம் போருக்காக வைத்த உடலை 1998-இல் தோண்டி டிஎன்ஏ பார்த்தார்கள். மைக்கேல் பிளாஸி என்ற விமானப்படை அதிகாரி என்று தெரிந்தது, குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்கள். அந்த இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது. இனி எந்தப் போருக்கும் உண்மையிலேயே 'அடையாளம் தெரியாத' ஓர் உடல் கிடைப்பது கஷ்டம்.

இந்தியாவில் ஏன் அப்படி ஒருவரைப் புதைக்கவில்லை என்பதற்கு நான் சொல்லப்போவது என் கணிப்பு, அரசாணையில் படித்தது அல்ல. யார் என்றே தெரியாத உடலுக்கு எந்த முறைப்படி இறுதிச் சடங்கு செய்வது? இந்து, சீக்கியர் என்றால் எரிக்க வேண்டும். முஸ்லிம், கிறிஸ்தவர் என்றால் புதைக்க வேண்டும். எதைச் செய்தாலும் பாதிப் பேருக்குத் தவறாகிவிடும். பிரிட்டிஷ் காலத்திலேயே இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள். அதனால்தான் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த பிரிட்டிஷ், இந்தியப் படையினரின் கல்லறைகளையும் பெயர்ப் பதிவுகளையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இடங்களில் கல்லறைகளுக்குப் பக்கத்தில் 'தகன நினைவுச் சின்னம்' என்று தனியாக ஒன்று இருக்கும். கொஹிமாவில் 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர் அப்படித்தான் இருக்கிறது. இன்றைய இந்திய ராணுவச் சிப்பாய் கழுத்தில் போட்டிருக்கும் அடையாள வில்லையில் எண், பெயர், ரத்த வகையோடு மதமும் பொறித்திருப்பதற்கும் இந்தச் சடங்குப் பிரச்சினையே காரணம் என்பது என் எண்ணம்.

அடையாளம் தெரியாமல் போவது எப்படி என்பதற்கும் விடை பெரும்பாலும் அந்த வில்லையில்தான் இருக்கிறது. முதல் உலகப் போரின் முதல் பாதியில் பிரிட்டிஷ் படையில் ஆளுக்கு ஒரே ஒரு வில்லை. ஒருவர் இறந்ததும் கணக்குக்காக அதைக் கழற்றி அனுப்பிவிடுவார்கள். உடல் எந்த அடையாளமும் இல்லாமல் கிடக்கும். பின்னால் புதைக்க வருபவருக்கு அது யாரோ ஒரு சிப்பாய். இதைச் சரிசெய்ய 1916-இல் இரண்டு வில்லை கொடுத்தார்கள். சிவப்பு வட்டத்தைக் கழற்ற வேண்டும், பச்சை எண்கோணம் உடலோடு இருக்க வேண்டும். ஆனால் இரண்டும் அழுத்திய நார் அட்டை, ஈர மண்ணில் மக்கிவிடும். இப்போது இந்திய ராணுவத்தில் நீள்வட்டமும் வட்டமுமாக இரண்டு உலோக வில்லைகள், ஒரு சங்கிலியில் இன்னொரு குட்டிச் சங்கிலியால் தொங்கும். 1984 மே மாதம் சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த குமாவோன் ரெஜிமென்ட் வீரர் ஒருவர் 2022 ஆகஸ்டில் கிடைத்தபோது, எண் பொறித்த அந்த வில்லையை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். 38 வருடம் கழித்து! பர்மாவில் பனி இல்லை, ஆறும் காடும் மழையும்தான். 1942 பிப்ரவரியில் சிட்டாங் ஆற்றுப் பாலத்தைத் தகர்த்தபோது 17-ஆவது இந்திய டிவிஷனில் பெரும்பகுதி எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டது. நீந்திக் கடக்கப் பார்த்தவர்களில் எத்தனையோ பேர் ஆற்றோடு போனார்கள். அப்படி இறந்தவருக்கு எந்த வில்லையும் உதவாது.

ஜோதி விஷயத்துக்கு வருகிறேன். இந்தியா கேட்டிலிருந்து சுமார் 400 மீட்டரில் தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. வடிவமைத்தது சென்னையைச் சேர்ந்த யோகேஷ் சந்திரஹாசனின் குழு. டெல்லித் தமிழர்களிலேயே பலருக்கு இது தெரியாது. சக்கரவியூகம் போல நான்கு வட்டங்கள். நடுவில் அமர் சக்கரம், அதில் 15.5 மீட்டர் தூணும் அணையா விளக்கும். அடுத்து வெண்கலச் சிற்பங்களோடு வீரதா சக்கரம். பிறகு கருங்கல் பலகைகளில் பெயர்கள் பொறித்த தியாக சக்கரம். வெளியே மரங்களாலான ரக்ஷக் சக்கரம். திறந்தபோது 25,942 பெயர்கள் இருந்தன. எல்லாம் சுதந்திரத்துக்குப் பிந்தையவை, 1947-48 காஷ்மீர்ப் போரிலிருந்து தொடங்கும். 2022 ஜனவரி 21 அன்று இந்தியா கேட் ஜோதியிலிருந்து தீப்பந்தம் ஏற்றிக் கொண்டுபோய் இங்குள்ள சுடரோடு சேர்த்தார்கள். 'அணைத்தார்கள்', 'இணைத்தார்கள்' என்று அப்போது பெரிய சண்டையே நடந்தது. முன்னாள் ராணுவ அதிகாரிகளே இரண்டு பக்கமும் நின்றார்கள். நடந்தது இதுதான்: சுடர் இங்கே சேர்க்கப்பட்டது, அங்கே அதற்குப் பிறகு எரியவில்லை. துப்பாக்கியையும் தொப்பியையும் அதே வருடம் மே மாதம் நினைவகத்தின் பரம் யோத்தா ஸ்தலுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் உண்டு, இலங்கையில் 1987-இல் வீழ்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் உட்பட. உங்கள் அப்பாவை அங்கே கட்டாயம் கூட்டிப்போங்கள், பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் பெரியப்பா பெயரைத் தேடி ஒவ்வொரு பலகையாக நடக்கவிட்டுவிடாதீர்கள். வெயிலில் வயதானவருக்கு அது வீண் சிரமம்.

இப்போது உங்களுக்கே ஓட்டை தெரிந்திருக்கும். இந்தியா கேட் 1914 முதல் 1921 வரை. தேசியப் போர் நினைவகம் 1947-க்குப் பிறகு. இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்தியர்கள் 87,000 பேருக்கு மேல், டெல்லியின் இரண்டு பெரிய நினைவிடங்களுக்கும் இடையில் விழுந்துவிடுகிறார்கள். அவர்களுக்கான பதிவு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்திடம் இருக்கிறது. எங்கே இறந்தார், உடலுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பொறுத்து இடம் மாறும். பர்மாவில் இறந்து கல்லறை தெரியாதவர் என்றால் யாங்கூனுக்கு வெளியே தௌக்கியான் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னம். அதன் தூண்களில் ஏறக்குறைய 27,000 பெயர்கள். உடல் கிடைத்து எரிக்கப்பட்டவர் என்றால் அதே தோட்டத்தில் தகன நினைவுச் சின்னம். இம்பால், கொஹிமா பக்கம் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டோ எரிக்கப்பட்டோ இருந்தால் அந்தந்த ஊர். மலாயா, சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூரின் கிராஞ்சி. போர்முனைக்கு வெளியே, முகாமிலோ ஆஸ்பத்திரியிலோ விபத்திலோ இறந்தவர்கள் பெரும்பாலும் டெல்லி, கராச்சி நினைவுச் சின்னங்களின் கணக்கில் வருவார்கள், 25,000-க்கும் மேல். இதில் டெல்லிச் சின்னம் இருப்பது கன்டோன்மென்டில், பிரார் ஸ்கொயருக்குப் பக்கத்து டெல்லிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில். ஆர்.கே. புரத்திலிருந்து ஆட்டோ தூரம்தான். மெட்ரோவில் வந்தால் பிங்க் லைனில் டெல்லி கன்டோன்மென்ட்.

"உடல் கிடைக்கவில்லை" என்று வீட்டில் வழிவழியாகச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்தில் எந்த இந்தியச் சிப்பாயின் உடலும் போர்முனையிலிருந்து ஊருக்கு வந்ததில்லை. தந்தி வரும், பிறகு பென்ஷன் காகிதம் வரும், அவ்வளவுதான். உடல்களை வீடுவரை கொண்டுவந்து கொடுப்பது பரவலாக நடந்ததே 1999 கார்கில் போரில்தான். ஆகவே 'ஊருக்கு வரவில்லை' என்பது இரண்டு தலைமுறையில் 'கிடைக்கவில்லை' ஆகியிருக்கலாம். அவர் முறைப்படி எரிக்கப்பட்டோ, எண்ணிட்ட கல்லறையிலோகூட இருக்கலாம். பதிவைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

தேடும் விதம்: ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் பெயரைப் போட்டு ஒரு தட்டுத் தட்டினால் தமிழ்ப் பெயர் வராது. எழுதியவர் வட இந்திய கிளார்க்காகவோ வெள்ளைக்காரராகவோ இருப்பார். முனுசாமி அங்கே மூனூசாமியாக, முனிசாமியாக, முன்னுஸ்வாமியாக இருப்பார். பழனி பலனியாகவோ புல்னியாகவோ ஆகியிருப்பார். அதனால் பெயரை முதலில் காலியாக விட்டுவிடுங்கள். போர் இரண்டாவது, படை இந்தியப் படை, நினைவிடம் ரங்கூன் என்று வடிகட்டி, கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் தாலுகாவையோ மாவட்டத்தையோ போடுங்கள். இந்தியச் சிப்பாய்களின் பதிவில் பல சமயம் 'இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன மாவட்டம், மதராஸ்' என்று இருக்கும். மனைவி பெயரும் இருக்கலாம். பொருத்திப் பார்க்க இதைவிட உறுதியான ஆதாரம் வேண்டாம். ஆனால் ஊர்ப் பெயர் அன்றைய எழுத்தில் இருக்கும்: திருச்சி என்றால் டிரிச்சினாபொலி, திருநெல்வேலி என்றால் டின்னவெல்லி. இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் வட ஆற்காடு. இன்றைய மாவட்டப் பெயரைப் போட்டுவிட்டு "இல்லை" என்று கைவிடுபவர்கள்தான் அதிகம். பெயர் ஒத்துப்போனால் மட்டும் துள்ளிவிடாதீர்கள். ராமசாமி மகன் முனுசாமி ஒரே மாவட்டத்தில் நான்கு பேர் இருப்பார்கள். அப்பா பெயர், ஊர், வருடம் மூன்றும் சேர வேண்டும். சேர்ந்தால் படை எண்ணையும், பதிவில் உள்ள தூண் அல்லது பலகை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்திலிருந்தே நினைவுச் சான்றிதழை அச்செடுக்கலாம். யாங்கூன் போக முடியாத அப்பாவுக்கு அதைச் சட்டம் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

எவ்வளவு தேடியும் பதிவே இல்லை என்றால் தேடலில் குறை என்று மட்டும் நினைக்க வேண்டாம். 'பர்மாவுக்குப் போனார்' என்ற ஒரே சொல்லில் நம் ஊர்களில் பல கதைகள் அடங்கியிருக்கின்றன. அவர் மலாயாவில் தோட்டத் தொழிலாளியாக இருந்து சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஜப்பானியர்களால் இழுத்துச் செல்லப்பட்டிருக்கலாம். அங்கே செத்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில், ஆனால் சிவிலியன்கள், ஆகவே ராணுவக் கணக்கில் இல்லை. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருக்கலாம். அந்தப் படைக்காரர்களை ஆணையம் தன் ஏட்டில் சேர்ப்பதில்லை, அவர்களுக்கான நினைவகம் மணிப்பூரின் மொய்ராங்கில் இருக்கிறது. 1942-இல் ரங்கூனிலிருந்து நடந்தே கிளம்பி வழியில் இறந்த பொதுமக்களும் உண்டு. வீட்டில் பென்ஷன் வந்ததா என்று அப்பாவிடம் கேளுங்கள். கிழவிக்கு மாதாமாதம் ஏதாவது மணியார்டர் வந்தது என்றால் அவர் பிரிட்டிஷ் இந்தியப் படை. வரவே இல்லை என்றால் மேலே சொன்ன மற்ற வழிகளை யோசிக்க வேண்டும். இது சட்டமல்ல, ஆனால் முதல் சல்லடையாக நன்றாகவே உதவும்.

பெட்டியில் பதக்கம் இருந்தால் விளிம்பையும் பின்பக்கத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள், எண்ணும் பெயரும் பொறித்திருக்கலாம். பாலீஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். எண்ணும் ரெஜிமென்டும் தெரிந்தால் அந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். நம்மவர்கள் காலாட்படையைவிட டிரைவர்களாகவும் பயனியர் படையிலும் நிறையப் போயிருக்கிறார்கள், அதையும் மனதில் வையுங்கள். கடிதத்தில் உறவுமுறை, பிறந்த ஊரின் பழைய தாலுகா, சேர்ந்த வருடம், கடைசியாக வந்த தந்தியின் நகல் எல்லாம் இருக்கட்டும். ஊரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் போனால் பதில் வரும் வாய்ப்பு கூடுதல்.

அப்பா வரும் வாரத்துக்குள் பதிவு கிடைக்காவிட்டால், இந்தியா கேட்டை வெளியிலிருந்து காட்டிவிட்டு, மாலையை டெல்லிப் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப்போங்கள். அவர் பெயர் அங்கே இல்லாவிட்டாலும் அவரோடு அதே போரில் சேர்ந்தவர்களின் இடம் டெல்லியில் அது ஒன்றுதான். காலையிலேயே போய்விடுங்கள், உள்ளே நிழல் குறைவு. கன்டோன்மென்ட் பகுதி என்பதால் கையில் அடையாள அட்டை இருக்கட்டும்.